விற்கமுன் ஒருமுறை திறந்து பார்ப்போம்



கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்துக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குகளை எழுதும் அக்கா ஒருவரின் வீடு அது. அவர் தையல் வேலையும் செய்கிறார். இளைய மகள் உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறாள். நான் போன நேரம் அக்காவின் கையில் ஒரு கடன் விண்ணப்பப் படிவம் இருந்தது.

“எங்கட கொம்பியூட்டர் இனிச் சரிவராது போல கிடக்கு பிள்ளை. போட்டு விட்டிட்டுத் தேத்தண்ணி வைச்சுக் குடிச்சிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கொண்டுதான் நிக்குது. கடைக்காரத் தம்பி வந்து பார்த்தவர். புதுசு ஒண்டு எடுங்கோ அம்மா எண்டு சொல்லிப்போட்டார். இல்லாட்டி எல்லாத்தையும் அழிச்சுப் போமற் பண்ணித் தாறன், கொஞ்ச நாளைக்கு ஓடும் எண்டார். அதுதான் ஒரு ஒன்றரை லட்சம் கடன் எடுப்பம் எண்டு...”

அக்காவுக்கு ஏற்கெனவே கிழமைக்குக் கிழமை கட்டவேண்டிய நுண்கடன் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அதனால் கடனைப் பற்றிப் பேசாமல், “அந்தக் கொம்பியூட்டருக்குள்ள என்னென்ன இருக்கு அக்கா?” என்று மட்டும் கேட்டேன்.

“சங்கக் கணக்கு இருக்கு. இவளின்ர படிப்புச் சாமான் இருக்கு.” சற்று நேரம் பேசாமல் இருந்தார். “அவன்ர படம் இருக்கு.”

அவருடைய மூத்த மகன் 2009 இல் காணாமல் போனவர். இடம்பெயர்ந்து ஓடிய காலமெல்லாம் பொலித்தீன் பைக்குள் சுற்றிக் காப்பாற்றிய ஒரேயொரு புகைப்படம் அவரிடம் இருந்தது. மீள்குடியேறிய பின்னர் அதை ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்துக் கணினிக்கு மாற்றினார்கள். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்த வெள்ளத்தில் அந்தப் புகைப்படமும் ஸ்ரூடியோவில் தந்த சீ.டி.யும் போய்விட்டன. மேசையின் மேல் இருந்த கணினி மட்டும் தப்பியது. முறைப்பாடுகளுக்குக் கொடுத்தவையெல்லாம் முகம் தெளிவில்லாத நிழற்பிரதிகள். ஆக, அந்தப் பிள்ளையின் முகம் இப்போது அந்தப் பழைய பெட்டிக்குள் மட்டுந்தான் இருக்கிறது. கடைக்காரர் போமற் பண்ணியிருந்தால் அதுவும் போயிருக்கும். அவர் கெட்ட மனிதர் அல்லர். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, சொல்லவேண்டும் என்பது அக்காவுக்கும் தெரியவில்லை.

எம்மில் பலருடைய வீடுகளில் இப்படியான பழைய கணினிகள் இருக்கின்றன. வெளிநாட்டில் உள்ள உறவினர் அனுப்பியவை, நிறுவனங்கள் உதவியாகத் தந்தவை, அலுவலகங்கள் கழித்துவிட்டதைப் பாவித்த விலைக்கு வாங்கியவை. அவை மெதுவாகிவிட்டால் என்ன செய்வது என்பதை இம்மாதம் பார்ப்போம்.

முதல் வேலை பிரதி எடுப்பது

எதையும் திருத்தமுன், எதையும் மாற்றமுன், காசு கொடுத்துத் திரும்ப வாங்க முடியாதவற்றைப் பிரதி எடுங்கள். புகைப்படங்கள், காணி உறுதியின் படங்கள், பிறப்பு மற்றும் மரணச் சான்றிதழ்கள், முறைப்பாட்டுக் கடிதங்கள், சங்கக் கணக்குகள் என்பவையே முதலில். படமும் பாட்டும் பிறகு பார்க்கலாம்.

இரண்டு பென் ட்ரைவ்களில் பிரதி எடுத்து, ஒன்றை உங்கள் வீட்டிலும் மற்றதை நம்பிக்கையான உறவினர் வீட்டிலும் வையுங்கள். வெள்ளமோ தீயோ இரண்டு வீட்டுக்கும் ஒரேநாளில் வருவது குறைவு. மிக முக்கியமான புகைப்படத்தைக் கடதாசியிலும் அச்செடுத்துக் கொள்ளுங்கள். பிரதி எடுத்த பின் பென் ட்ரைவை வேறொரு கணினியில் போட்டு, படம் உண்மையிலேயே திறக்கிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பக்கூடாது.

கணினிக்குள் ‘டிக், டிக்’ என்று சத்தம் கேட்டால் வன்தட்டு பழுதாகத் தொடங்கிவிட்டது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அப்போது கணினியைத் திரும்பத் திரும்பப் போட்டு நிறுத்தாதீர்கள். ஒரே தடவையில் போட்டு, மிக முக்கியமானதை முதலில் எடுத்துவிடுங்கள்.

அக்கா வீட்டில் அன்று நாங்கள் செய்தது இவ்வளவுதான். மகள் தேடித்தேடி, பெயரே வைக்காத ஒரு கோப்புறைக்குள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்தாள். என்னிடமிருந்த பென் ட்ரைவிலும் அவளுடையதிலும் பிரதி எடுத்தோம். அக்கா திரையருகே வந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் அவசரப்படவில்லை.

எது மெதுவாக இருக்கிறது?

அடுத்த கிழமை ஒரு ஸ்குரூ ட்ரைவரோடு போனேன். நான் பொறியியல் படித்தவள் அல்லள். எங்கள் நிலையத்துக்குக் கிடைத்த பழைய கணினிகளைத் திருத்தித் திருத்திப் பழகியதுதான் என்னுடைய படிப்பு. ஆகவே உங்களாலும் முடியும்.

கணினியை ஒரு தையல் அறையாக நினைத்துப் பாருங்கள். புரொசெசர் என்பது தைக்கும் கை. றாம் எனப்படும் நினைவகம் துணி விரித்து வேலை செய்யும் மேசை. வன்தட்டு துணிகளை அடுக்கி வைக்கும் அலுமாரி. மேசை சின்னனாக இருந்தால், ஒரு துணியை எடுக்க மற்றதை அலுமாரிக்குள் வைக்கவேண்டும். அலுமாரியின் கதவும் இறுக்கமாக இருந்தால்? கை எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை. பழைய வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். கையில் பிழை இல்லை, மேசையிலும் அலுமாரியிலுமே பிழை.

அக்காவின் கணினி 2011 இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ3 இரண்டாம் தலைமுறைப் புரொசெசர் கொண்டது. ஒரு அலுவலகத்திலிருந்து கழிக்கப்பட்டு 2015 இல் வாங்கியது. நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே. கணக்கு எழுதவும் இணையம் பார்க்கவும் அந்தக் கை இன்றைக்கும் போதும்.

காசில்லாமல் செய்யக்கூடியது

கணினியை நிறுத்தி, மின்சார வயரையும் கழற்றிய பின்னர் பக்க மூடியைத் திறந்தோம். மகளே ஸ்குரூக்களைக் கழற்றினாள். உள்ளே பஞ்சு மெத்தை போலத் தூசி. புரொசெசரின் மேலிருக்கும் விசிறியைத் தூசி அடைத்தால் சூடு வெளியேறாது. சூடு கூடினால் புரொசெசர் தன்னைக் காப்பாற்றத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காய்ந்த மென்மையான தூரிகை ஒன்று போதும். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள். ஈரத்துணி வேண்டாம். உள்ளே கைவைக்கமுன் பெட்டியின் பூச்சில்லாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொண்டால், உடம்பிலுள்ள நிலைமின்னினால் பாகங்கள் பழுதாகும் ஆபத்து குறையும்.

தாய்ப்பலகையில் சில்லறைக் காசு போல ஒரு பற்றரி இருக்கும். சீ.ஆர்.2032 என்று அதில் எழுதியிருக்கும். கணினியின் திகதி ஒவ்வொரு நாளும் பழைய ஆண்டுக்குப் போகிறதென்றால் அந்தப் பற்றரி செத்துவிட்டது. திகதி பிழைத்தால் பல இணையப் பக்கங்களும் திறக்காது. மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும் மலிவான சாமான் அது. இதற்காகக் கணினியையே மாற்றியவர்களையும் கண்டிருக்கிறேன்.

காசு கொடுத்து வாங்கவேண்டிய இரண்டு

ஒன்று, எஸ்.எஸ்.டி. பழைய வன்தட்டுக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல, ஒரு முள் ஓடியோடித் தகவலைத் தேடும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. ஆகவே தேடும் நேரம் மிகவும் குறைவு. பழைய கணினிக்கு ஒரேயொரு சாமான்தான் வாங்கமுடியும் என்றால் இதை வாங்குங்கள். சாட்டா வகை, 2.5 அங்குலம் என்று கேட்க வேண்டும். 240 அல்லது 256 ஜி.பி. வீட்டுப் பாவனைக்குப் போதும். பழைய வன்தட்டுக்கு வந்த வயர்களே இதற்கும் பொருந்தும்.

மற்றது, றாம். இதில் டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என்று வகைகள் உண்டு. ஒன்றின் வெட்டு மற்றதன் இடத்தில் பொருந்தாது. மேசைக் கணினியின் றாம் நீளமானது, மடிக்கணினியினது கட்டையானது. ஆகவே உங்களுடைய பழைய றாமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். பாவித்த றாம் வாங்குவதில் பெரிய பிழை இல்லை, ஆனால் சில நாள் உத்தரவாதம் கேளுங்கள். எஸ்.எஸ்.டி.யைப் புதிதாகவே வாங்குங்கள். மொத்தம் 4 ஜி.பி. இருந்தால் சமாளிக்கலாம், 8 இருந்தால் நல்லது. அக்காவின் கணினியில் வெறுமையாக இருந்த இடத்தில் 4 ஜி.பி. ஒன்றைச் சேர்த்தோம்.

வேண்டாதவற்றையும் சொல்கிறேன். பழைய கணினிக்குப் புதுப் புரொசெசர், விலைகூடிய கிராபிக் அட்டை, பெரிய திரை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கத் தொடங்கினால் கணக்கு முடியாது. மின்வழங்கியும் தாய்ப்பலகையும் பழையவைதானே. செலவு, பாவித்த நல்ல கணினி ஒன்றின் விலையில் பாதியைத் தொட்டால் நிறுத்திவிடுங்கள். தாய்ப்பலகையிலுள்ள சிறிய உருளைகள் மேற்புறம் வீங்கியிருந்தாலோ கருகிய மணம் வந்தாலோ அந்தக் கணினிக்குச் செலவழிப்பது வீண்.

எந்த இயங்குதளம்?

பள்ளிப் புத்தகத்தில் ‘பணிசெயல் முறைமை’ என்று சொல்வார்கள். பலரிடம் இருப்பது விண்டோஸ். அக்காவின் கணினியில் இருந்தது விண்டோஸ் 7. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2020 ஜனவரி 14 உடன் நிறுத்தியது. கூகுள் குரோம் உலாவியும் 2023 இல் விண்டோஸ் 7 ஐக் கைவிட்டது. விண்டோஸ் 10 க்கான இலவசத் திருத்தங்களும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தன. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீடிப்பு என்று அப்போது அறிவிக்கப்பட்டது.

திருத்தம் நின்றுவிட்டால் கணினி மறுநாளே நின்றுவிடாது. ஆனால் வீட்டின் ஓட்டைகளை அடைக்க இனி ஆள் வரமாட்டார் என்று பொருள். கணக்கு எழுத, தட்டச்சுச் செய்யப் பாவிக்கலாம். வங்கி வேலையை மட்டும் அதில் செய்யாதீர்கள்.

அப்படியென்றால் விண்டோஸ் 11 போடலாமா? அதற்கு 4 ஜி.பி. றாமும் 64 ஜி.பி. இடமும் மட்டும் போதாது. ரி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசரும் வேண்டும். அவை 2017 இலிருந்து வந்தவை. அதற்கு முந்திய கணினிகளில் குறுக்கு வழியால் போட்டுத் தருபவர்கள் உண்டு. ஆனால் அப்படிப் போட்டதற்குத் திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கும் என்று மைக்ரோசொப்ட் உறுதி தருவதில்லை. பாவித்த கணினி வாங்க இருப்பவர்கள் இந்த ‘எட்டாம் தலைமுறை’ என்ற சொல்லை மறவாதீர்கள்.

இன்னொரு வழி லினக்ஸ். 1991 இல் பின்லாந்து மாணவராக இருந்த லினஸ் டோவால்ட்ஸ் தொடங்கிய வேலை அது. இன்று உலகெங்கும் பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள். இலவசம், களவுப் பிரதி அல்ல. அதில் பல வகைகள் உண்டு. விண்டோஸ் பழகியவர்களுக்கு இலகுவானது லினக்ஸ் மின்ட். அதிலும் ‘எக்ஸ்.எப்.சீ.ஈ.’ என்ற பதிப்பு பழைய கணினிக்குப் பாரம் குறைந்தது. ஆகக்குறைந்தது 2 ஜி.பி. றாம் வேண்டும், 4 இருந்தால் வசதி. 2024 இல் வெளிவந்த மின்ட் 22 க்கு 2029 வரை திருத்தங்கள் கிடைக்கும்.

இதிலுள்ள நல்ல விடயம், பென் ட்ரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். கணினியில் உள்ளதை அழிக்காமல், உங்கள் அச்சுப்பொறி வேலை செய்கிறதா, சத்தம் கேட்கிறதா, இணையம் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு தீர்மானிக்கலாம். விண்டோஸ் திறக்க மறுக்கும் கணினியிலிருந்து புகைப்படங்களை மீட்கவும் இந்த வழி பல தடவை எனக்கு உதவியிருக்கிறது.

பிரச்சினைகளும் உண்டு. மைக்ரோசொப்ட் ஒபிஸ், போட்டோஷொப் ஆகியவை அதில் நேராக ஓடாது. ஒபிஸுக்குப் பதிலாக லிப்ரே ஒபிஸ் உண்டு. வேர்ட், எக்செல் கோப்புகளை அது திறக்கும், ஆனால் சில வேளைகளில் பக்க அமைப்பு சற்றுக் குழம்பும். சில அச்சுப்பொறிகள் இணங்க மறுக்கும். விண்டோஸ் மென்பொருள் கொண்டே தொழில் செய்பவர்கள் லினக்ஸுக்கு மாறாமல், பாவித்த எட்டாம் தலைமுறைக் கணினிக்குக் காசு சேர்ப்பதே நல்லது.

தமிழ் எழுதுவது எப்படி என்று கேட்பீர்கள். பாமினியில் எழுதிய பழைய கோப்புகளைத் திறக்க, பாமினி எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவினால் போதும். புதிதாக எழுதுவதை யூனிகோட்டில் எழுதிப் பழகுங்கள். தமிழ்99, றெங்கநாதன் ஆகிய விசைப்பலகை முறைகள் லினக்ஸில் இருக்கின்றன. உயர்தர மாணவர் படிக்கும் பைதன் மொழியும் அதில் நன்றாக ஓடும்.

கடைக்குப் போகும்போது

சமூகவியல் வகுப்பில் ‘அறிவும் அதிகாரமும்’ என்று நாங்கள் படித்ததை, ஒரு கணினிக் கடையின் மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவரிடம் எதையும் சொல்லலாம். அதுவும் தனியாக வரும் பெண் என்றால், “உங்களுக்கு விளங்காது அம்மா” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆகவே இவற்றை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

என்ன பழுது, எந்தப் பாகத்தில் பழுது என்று கேளுங்கள்.

என் அனுமதி இல்லாமல் போமற் பண்ணவேண்டாம் என்று சொல்லி, பற்றுச்சீட்டிலும் எழுதுவியுங்கள்.

மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். அது உங்களுடையது.

குறைந்தது இரண்டு கடைகளில் விலை விசாரியுங்கள்.

குடும்பப் படங்கள் உள்ள வன்தட்டை இரவு முழுவதும் கடையில் விட்டுவராதீர்கள். முடிந்தால் அருகிலேயே இருந்து செய்வியுங்கள், அல்லது வன்தட்டைக் கழற்றி வைத்துவிட்டு மிகுதியைக் கொடுங்கள். பெண்களின் படங்கள் பிழையான கைகளுக்குப் போன கதைகளை நாம் அறிவோம். கணினியை விற்பதென்றாலும் வன்தட்டை எடுத்து வைத்துக்கொண்டே விற்றுவிடுங்கள்.

அக்கா வீட்டில் எஸ்.எஸ்.டி.யைப் பூட்டி, றாமைச் சேர்த்து, மின்ட் நிறுவி முடிய ஒரு பின்னேரம் சென்றது. கடனாக எடுக்க நினைத்த தொகையில் பத்தில் ஒரு பங்குக்குள் செலவு முடிந்தது. அது சங்கச் சேமிப்பிலிருந்து எடுத்த காசு, வட்டி இல்லை. இப்போது கேத்தில் கொதிக்கமுன் கணினி தயாராகிவிடுகிறது. அது புதுக் கணினி ஆகிவிடவில்லை. ஒரே நேரத்தில் பல பக்கங்களைத் திறந்தால் மூச்சு வாங்குகிறது. இன்னும் மூன்று நான்கு ஆண்டு ஓடினால், மகள் உயர்தரம் முடித்து ஒரு படிப்புக்குள் போய்விடுவாள். அதுவரை போதும்.

பழைய வன்தட்டை எறியவில்லை. துணியில் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறோம். எஸ்.எஸ்.டி.யும் ஒருநாள் திடீரென்று பழுதாகலாம், மின்சாரமே காணாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதிலுள்ளதும் அழியலாம் என்பதால் பென் ட்ரைவ் பிரதிகளையும் ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதாக மகள் பொறுப்பெடுத்திருக்கிறாள். படத்தைக் கடதாசியில் இரண்டு பிரதி அச்செடுத்தோம். ஒன்று சுவரில் இருக்கிறது. மற்றது கொழும்பிலுள்ள சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறது.

நான் வெளிக்கிட்டபோது அக்கா அந்தக் கடன் படிவத்தைக் காட்டினார். அதன் பின்பக்கத்தில் மகளின் கையெழுத்தில் மேலே சொன்ன கேள்விகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன.

“சங்கத்தில இன்னும் நாலு பேரிட்ட இப்பிடிப் பழசு கிடக்குது பிள்ளை. இவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டப்போறன்” என்றார்.

உங்கள் வீட்டிலும் ஒன்று கிடந்தால், இந்தக் கிழமையே பிரதி எடுக்கும் வேலையைச் செய்துவிடுங்கள். மற்றவை ஆறுதலாக நடக்கட்டும். அடுத்த இதழில் சந்திப்போம்.